பெண்மை யாருக்கு உரிய குணம்?

அய்யா உண்டு.

அன்புக்கொடி மக்கள் குடும்பத்தோடு அமர்ந்து படிப்பதற்கான பாடம் இது. தாயும் தகப்பனும் மகனும் மகளும் ஒன்றாக இருந்து கேட்டால்தான் இதன் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பெண்மை இல்லை" என்பது பாளையங்கோட்டை வீடுகளிலும் அடிக்கடி கேட்கும் குறை. மகள் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு முருகன்குறிச்சியில் பேருந்தை விட்டு இறங்கி வந்தால் இந்தப் பேச்சு எழுகிறது. மருமகள் ஸ்கூட்டரில் தனியாகக் கடைக்குப் போனாலும், கேட்ட கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொன்னாலும் எழுகிறது. அதே வீட்டில் கீழே விழுந்து முழங்கால் உரிந்த சிறுவன் அழுதால், "ஏலே, பொட்டப்பிள்ள மாதிரி அழாதல" என்று அதட்டுகிறார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றே. பெண்மை என்றால் அச்சமும் அடக்கமும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அது பெண்ணிடம் இல்லாவிட்டால் குறை. ஆணிடம் இருந்தால் இழுக்கு. இந்தக் கணக்கு அய்யா வகுத்ததா, கலி வகுத்ததா? இதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சீலையும் குடமும்

பாளையங்கோட்டை கம்பெனியாரின் ஆட்சியில் இருந்த காலத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி நடந்தது. அங்கே சான்றோர் குலத்துப் பெண்கள் மாரை மறைத்துத் தோள்சீலை அணியக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். பொன்நகை கூடாது. ஆண்கள் குடை பிடிக்கவோ, செருப்புப் போடவோ, தலைப்பாகை கட்டவோ கூடாது.

தாமிரபரணிப் படித்துறையில் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இயல்பான காரியம்! அந்த இயல்பான காரியத்தையே குற்றமாக்கி வைத்திருந்தது அன்றைய ஆட்சி. பெண்ணுக்கு நாணமே அணிகலன் என்று சொல்லிக்கொண்ட சமுதாயம், ஏழைப் பெண் ஒருத்தி நாணத்தோடு மாரை மூடியபோது அதைத் திமிர் என்றது. 1829ஆம் ஆண்டில் வந்த அரசாணையும் அந்தத் தடையையே உறுதி செய்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்கும் கலவரங்களுக்கும் பிறகு, 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள்தான் மேலாடை அணியும் உரிமையை மன்னர் அறிவித்தார். அந்த அறிவிப்பிலும் ஒரு முள் இருந்தது. மேல்சாதிப் பெண்கள் அணியும் விதமாக அணியக் கூடாது என்ற நிபந்தனை அது.

இதில் கற்க வேண்டிய பாடம் உண்டு. அன்று காக்கப்பட்டது பெண்மை அல்ல, மேல் கீழ் என்ற வரிசை. அந்த வரிசையைக் காப்பதற்குப் பெண்ணின் உடம்பை எல்லைக்கல்லாக நட்டு வைத்தார்கள். அன்று மூடினால் குற்றம் என்றார்கள். இன்று துப்பட்டா இல்லையென்றால் குற்றம் என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, ஆனால் ஒரு பெண்ணின் மானத்தை அவள் சீலையை வைத்து வேறு யாரோ அளக்கும் பழக்கம் மாறவில்லை. மானம் அணிகிறவருக்கு உரியது, பார்க்கிறவருக்கு உரியது அல்ல. அய்யா பெண்களுக்குச் சீலை அணியச் சொன்னதும், ஆண்களுக்குத் தலைப்பாகை கட்டச் சொன்னதும் இந்த ஒரே நியாயத்தின் மேல்தான். 1859ஆம் ஆண்டின் அறிவிப்பு வந்தபோது அய்யா வைகுண்டம் ஏகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மன்னர் கொடுப்பதற்கு முன்பே அய்யா தம் மக்களுக்கு மானத்தைக் கொடுத்துவிட்டார்.

2. மூன்றாம் தவம்

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20ஆம் நாள் அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளினார். ஆங்கிலக் கணக்கில் அது 1833ஆம் ஆண்டு. அதற்கு முன் நடந்ததை மக்கள் மறக்கலாகாது. நோயுற்றுக் கிடந்த மகனைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற செய்தி கனவாக வந்தது தாயார் வெயிலாள் அம்மைக்கு. தொட்டில் கட்டித் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்ததும் அந்தத் தாயே. மகன் கடலுக்குள் போனபின், போனவன் போனதுதான் என்று மற்றவர்கள் முடிவு கட்டியபோதும் கரையில் காத்திருந்தவர் அந்தத் தாய்.

இதில் அச்சம் எங்கே இருக்கிறது? அடக்கம் என்ற பெயரில் ஒதுங்கி நிற்பது எங்கே இருக்கிறது? கனவை நம்பி முடிவெடுத்ததும், சுமந்து போனதும், எல்லோரும் கைவிட்ட பிறகும் நம்பிக்கையை விடாமல் நின்றதும் பெண்மைதான். அவதார வரலாற்றின் வாசலிலேயே அது நிற்கிறது.

பிறகு அய்யா ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். இரண்டிரண்டு ஆண்டுகளாக அமைந்த மூன்று தவங்கள் அவை. முதல் தவம் யுகத்தின் பொருட்டு, கலியை நீக்குவதற்காக. இரண்டாம் தவம் சாதியின் பொருட்டு, தாழ்த்தப்பட்ட மக்களை நிமிர்த்துவதற்காக. மூன்றாம் தவம் பெண்களின் பொருட்டும் முன்னோரின் பொருட்டும். இந்த வரிசையை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கலி நீங்கினால் போதும், சாதி நிமிர்ந்தால் போதும், பெண்ணின் நிலை தானாகச் சரியாகிவிடும் என்று அய்யா விட்டுவிடவில்லை. அதற்கென்று தனியே தம் உடம்பை வருத்தினார். தாழ்த்தப்பட்ட ஆண் நிமிர்ந்த பிறகும் அவன் வீட்டுக்குள் பெண் குனிந்தே இருக்கக்கூடும் என்பதை மூன்றாம் தவம் உணர்த்துகிறது.

3. துவையல் பந்தி காட்டிய வழி

அய்யாவின் அருளாட்சியில் 700 குடும்பங்கள் வாகைப்பதிக்குப் போய்த் துவையல் தவம் இருந்தன. பின்னர் முட்டப்பதியிலும் அந்தத் தவம் தொடர்ந்தது. ஆண், பெண், குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் தங்கினார்கள். நாள்தோறும் மூன்று வேளை கடலில் நீராடினார்கள். உடுத்த துணியைத் துவைத்து உடுத்தினார்கள். பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீரில் பொங்கி ஒரு வேளை மட்டும் உண்டார்கள்.

துவைப்பதும் குளிப்பதும் பொங்குவதும் உலகத்தார் கண்ணில் என்ன வேலைகள்? வீட்டு வேலைகள். பொம்பளை வேலை என்று ஒதுக்கப்பட்டவை. அய்யாவோ அவற்றையே தவம் ஆக்கினார். காட்டுக்குள் போய் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லவில்லை. குடும்பத்தை விட்டு ஓடச் சொல்லவில்லை. ஆணையும் பெண்ணையும் ஒரே கரையில் நிறுத்தி, அழுக்கை நீக்குவதும் அடுத்தவருக்குச் சோறு ஆக்குவதும் தவமே என்று காட்டினார். துவையல் பந்தியில் இருந்த ஆண் மகன் தன் துணியைத் துவைத்ததால் ஆண்மை குறைந்து போகவில்லை. அங்கிருந்து திரும்பிய பலர்தான் ஊர் ஊராகப் போய் அய்யாவின் வழியைப் பரப்பினார்கள்.

பெண்மையின் உள்ளீடு இங்கே தெளிகிறது. காப்பதும் ஊட்டுவதும் தூய்மை செய்வதும் பொறுத்துத் தாங்குவதும் பெண்மை. அது குணம். குணத்துக்கு ஆண் உடம்பு, பெண் உடம்பு என்ற பிரிவு இல்லை. பெண்ணுக்கு அது இயல்பாக வருகிறது என்று புகழ்ந்துவிட்டு, ஆணுக்கு விலக்குக் கொடுப்பது அய்யா வழி அல்ல.

4. தாங்கலில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயம்

ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் அன்னதருமம் நடக்கும்போது பாருங்கள். தலைப்பாகை கட்டிய ஆண்கள் அண்டாவில் சோறு கிண்டுகிறார்கள், வாளியைத் தூக்கிப் பந்தி பரிமாறுகிறார்கள், இலை எடுக்கிறார்கள், முற்றம் பெருக்குகிறார்கள். அதைப் பணிவிடை என்று மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். ஒருவரும் வெட்கப்படுவதில்லை. அதே மனிதர் வீட்டுக்குப் போனதும் தாம் உண்ட தட்டைக் கூட எடுக்காமல் எழுந்துவிடுகிறார். தாங்கலில் பணிவிடையாக இருந்தது வீட்டில் எப்படிப் பொம்பளை வேலை ஆயிற்று? அய்யா தாங்கலில் மட்டுமா இருக்கிறார்?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல, நாட்டின் கதை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மக்கள் தம் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் 100க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படிச் செய்தவர்களிலும் ஒரு பெண் சராசரியாக 299 நிமிடம் செய்தார். ஒரு ஆண் 97 நிமிடம் செய்தார். அதாவது, வேலை செய்கிற ஆணைக் கணக்கில் எடுத்தாலும் அவர் ஒன்றரை மணி நேரம், பெண் ஐந்து மணி நேரம்.

இந்த ஐந்து மணி நேரத்துக்கு மேல்தான் நெல்லைச் சீமையின் பெண்கள் பீடியும் சுற்றுகிறார்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் திண்ணையில் அமர்ந்து, முறத்தை மடியில் வைத்து, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டும் கைகள் எத்தனை! ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், வீட்டுக்கு ஓடு மாறியிருக்கிறது. ஆனால் "உங்க வீட்டம்மா என்ன செய்யுதாவ?" என்று கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கா" என்பதே பதில். உழைப்பைப் பார்த்தும் பார்க்காதது போல் இருப்பது கலியின் பெரிய மாய்கை.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதற்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டதில் ஒரு பொருள் உண்டு. பெண் வீட்டில் செய்யும் வேலையும் வேலையே என்ற ஒப்புதல் அது. சொத்திலும் அப்படியே. 1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டம் திருத்தி, குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு என்றது. 2005இல் இந்தியா முழுவதற்கும் அது சட்டமானது. சட்டம் வந்து இத்தனை ஆண்டு ஆகியும், "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, கையெழுத்துப் போட்டுக் குடு" என்று தங்கையிடம் பத்திரம் நீட்டும் அண்ணன், தலைப்பாகையோடு அய்யா முன் நிற்கும்போது என்ன சொல்லி நிற்பார்?

5. காளியின் மடி

அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் சான்றோர் பிறப்பை மக்கள் அறிவார்கள். கன்னியர் எழுவர் பெற்ற ஏழு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு பத்திரகாளியிடம் வந்தது. சூலமும் கோபமும் கொண்ட தெய்வம் அது. அந்தக் கைகளே ஏழு குழந்தைகளையும் சீராட்டி வளர்த்தன, கல்வியும் கலையும் கற்பித்தன. ஊட்டும் கையும் வாளேந்தும் கையும் ஒன்றே என்பது அங்கே தெரிகிறது. மென்மை வேறு, வலிமை வேறு என்று பிரித்து, ஒன்றைப் பெண்ணுக்கும் மற்றதை ஆணுக்கும் கொடுத்தது மனிதக் கணக்கு.

பாளையங்கோட்டையில் தசரா வந்தால் ஆயிரத்தம்மன் முதலாகப் பன்னிரண்டு அம்மன் சப்பரங்கள் அணிவகுத்து நிற்பதை ஊரே பார்க்கிறது. எருமைக்கிடா மைதானத்தில் சூரனை வதைப்பவள் தாய். அதைக் கைகூப்பிப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு வாய்?" என்று மகளை அதட்டினால், பார்த்தது வெறும் வேடிக்கை ஆகிவிடும். இந்த ஊர் பெண் கல்வியில் மூத்த ஊர். 1895ஆம் ஆண்டிலேயே சாராள் தக்கர் கல்லூரியில் பெண்கள் உயர்கல்விக்கு வந்த ஊர். படிக்க அனுப்பிவிட்டு, படித்ததைப் பேசக் கூடாது என்பது நியாயமாகுமா?

6. பொறுமை எது, அடிமைத்தனம் எது?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. அய்யா பொறுமையைப் பெரிதும் போற்றினார். மன்னரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தபோதும் பொறுத்தார். இதைக் காட்டி, "நீயும் பொறுத்துப் போ" என்று அடிபட்ட பெண்ணிடம் சொல்கிறவர்கள் உண்டு. இது அய்யாவின் சொல்லைத் திரிப்பது.

அய்யா பொறுத்தது ஆற்றல் இல்லாமல் அல்ல. பொறுத்தபடியே தம் மக்களைத் தலைப்பாகை கட்ட வைத்தார். அந்தப் பொறுமை அநீதிக்குத் தலையாட்டவில்லை. வலிமை உடையவர் தம் கோபத்தை அடக்குவதே பொறுமை. வேறு வழி இல்லாதவர் வாய் மூடிக் கிடப்பது பொறுமை அல்ல. அது அடக்கப்பட்ட துயரம். எனவே ஒரு வீட்டில் பொறுமையை முதலில் பழக வேண்டியவர் யார்? கை ஓங்கக் கூடியவரே. குடித்துவிட்டு அடிக்கும் ஒருவர் வீட்டில், பொறுமைப் பாடம் அவருக்கு உரியது; அடி வாங்குபவருக்கு அல்ல. அவருக்கு உரியது அஞ்சாமை. வீட்டு வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 181 என்ற எண்ணில் அழைத்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். தாங்கலுக்கு வரும் ஒரு சகோதரி முகத்தில் காயம் கண்டால், பணிவிடை செய்பவர்கள் அதை "குடும்ப விஷயம்" என்று விட்டுவிடலாகாது. நிழல்தாங்கல் என்ற பெயரே தாங்குவதற்காக வந்தது.

ஆணுக்கும் இதில் விடுதலை உண்டு. அழக் கூடாது, அஞ்சினேன் என்று சொல்லக் கூடாது, கடன் தொல்லையைக் கூட மனைவியிடம் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஆண், தன் துயரத்தை இறக்கி வைக்க இடம் இல்லாமல் சாராயக் கடையில் இறக்கி வைக்கிறான். "பொட்டப்பிள்ள மாதிரி அழாதல" என்று சிறு வயதில் கேட்ட சொல், நாற்பது வயதில் அவனை ஊமையாக்குகிறது. பெண்ணிடமிருந்து அஞ்சாமையைப் பறித்த கலி, ஆணிடமிருந்து கண்ணீரையும் கனிவையும் பறித்தது. இருவருமே பாதி மனிதராய் நிற்கிறார்கள். அய்யா இருவருக்கும் மறுபாதியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

7. கண்ணாடியின் முன்

சுவாமிதோப்புப் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. தாங்கல்களிலும் இருக்கிறது. வணங்குகிறவர் தம் உருவத்தையே எதிரில் காண்கிறார். உள்ளே உறைபவரை அங்கே உணர்கிறார். அந்தக் கண்ணாடி ஆண் வந்தால் ஒரு தெய்வத்தையும் பெண் வந்தால் ஒரு தெய்வத்தையும் காட்டுவதில்லை. நெற்றியில் இடும் சுடர் போன்ற வெள்ளை நாமமும் இருவருக்கும் ஒன்றே. அய்யா ஒரே நாமத்தை இட்டிருக்க, குணங்களை மட்டும் இரண்டாகப் பங்கு போடுவது யார்?

ஆகவே இக்காலத்தில் பெண்மை குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு அய்யா வழியில் விடை இதுவே. வேலைக்குப் போகிற மகளிடமும் நிமிர்ந்து பேசுகிற மருமகளிடமும் பெண்மை குறையவில்லை. காக்கும் குணத்தையும் பொறுக்கும் குணத்தையும் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு ஆண் விலகி நிற்கிற வீட்டில்தான் பெண்மை குறைந்திருக்கிறது. அங்கே ஆண்மையும் குறைந்திருக்கிறது.

குடும்பத்தோடு சிந்திக்க

1. இந்த வாரம் வீட்டில் யார் முதலில் எழுந்தார்? யார் கடைசியில் உண்டார்? அவர் ஒரே ஆளா?

2. மகனிடம் ஒரு விதமாகவும் மகளிடம் ஒரு விதமாகவும் சொல்லப்படும் சொற்கள் எவை? அவற்றுள் அய்யா முன் நின்று சொல்லக் கூடியவை எத்தனை?

3. வீட்டுப் பத்திரத்திலும் வங்கிக் கணக்கிலும் பெண்களின் பெயர் எங்கே இருக்கிறது?

4. குடும்பத்தில் பொறுமை யாரிடம் எதிர்பார்க்கப்படுகிறது? அது வலிமை உடையவரிடமா, வழி இல்லாதவரிடமா?

இந்த வாரப் பணிவிடை

தாங்கலில் அன்னதருமத்துக்குத் தலைப்பாகை கட்டி நிற்கும் ஆண்கள், ஏழு நாளும் வீட்டில் ஒரு வேளைப் பாத்திரம் கழுவுவதையும், தம் துணியைத் தாமே துவைப்பதையும் பணிவிடையாக ஏற்கட்டும். வாஷிங் மெஷின் இருந்தாலும் சரி. துணியைப் போட்டு, எடுத்து, உதறிக் காயப்போட்டு, மடித்து வைப்பது வரை. பெண்கள் அந்த நேரத்தில் எழுந்து உதவிக்குப் போகாமல் அமர்ந்து அகிலத்தைப் படிக்கட்டும். முதல் நாள் இருவருக்கும் கூச்சமாக இருக்கும். துவையல் பந்தியின் 700 குடும்பங்களை நினைத்துக்கொண்டால் கூச்சம் போய்விடும்.

அய்யா உண்டு.